கடைசி அத்தியாயங்கள் நாவலப்பிட்டியில் கிடைக்கும்

கட்டுகஸ்தோட்டை
2024 மே 6

அன்புள்ள மாமா,

நலமா என்று கேட்டால் அதற்கே மூன்று பக்கம் பதில் எழுதுவீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஜீவன் எங்கள் வீட்டில் இருக்கிறான். சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு கொழும்பிலிருந்து கூட்டிவந்துவிட்டோம். அவனுடைய இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் கண்டிக்குக் கொண்டுபோய் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறோம். என் வீட்டுக்காரர் கணேஸ்தான் ஆட்டோவில் ஏற்றிப்போய், நாலு மணித்தியாலம் வெளியே காத்திருந்து, திரும்ப ஏற்றி வருகிறார். மற்ற நாட்களில் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு பாலத்தில் போகிற பஸ்களைப் பார்க்கிறான்.

நேற்று, வாசிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். "எல்லாருக்கும் வெளியில, தனியா நிக்கிற ஆளுகளப் பத்தின நாவல் இருந்தா குடு" என்றான். எங்கள் வீட்டில் இருப்பது பிள்ளைகளின் பாடப்புத்தகமும் கணேஸின் லைசன்ஸும்தான். "அப்பாகிட்ட ஒரு அலுமாரி நெறைய இருக்கு. ஆனா கேக்காத" என்றும் சொன்னான். உங்கள் மகன் கேட்காதே என்றான். நான் கேட்கிறேன்.

அத்தையின் கருமாதி அன்று நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதை நான் மறக்கவில்லை. பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டு நானும் கேட்டேன். மூன்று வருடமாகிவிட்டது, மாமா. போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். அதனால் இந்தக் கடிதம்.

யசோதினி


நாவலப்பிட்டி
2024 மே 11

மகாவலிக் கரையின் ஏகபோக மகாராணி, கட்டுகஸ்தோட்டை சமஸ்தானத்தின் திலகம், என் மனைவியின் அண்ணன் பெற்ற ஒரே உருப்படியான பிள்ளை, மருமகள் யசோதினிக்கு,

புகையிரத நிலையத்தில் முப்பத்தாறு வருடம் டிக்கட் கொடுத்து, அதனால் கைரேகை தேய்ந்து, தற்சமயம் நானூற்றுப் பன்னிரண்டு நாவல்களுக்குச் சக்கரவர்த்தியாக வீற்றிருக்கும் ராஜலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே மழை. சாதாரண மழை அல்ல. நேற்று ஒரு தவளை கதவைத் தட்டி ஒதுங்க இடம் கேட்டது. கொடுத்தேன். இப்போது கட்டில் ஈரம் என்று குறை சொல்கிறது.

போன் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தாய். போன் என்பது மந்திரிமாரும் லொத்தர்ச் சீட்டு விற்பவர்களும் பாவிக்கும் கருவி. சக்கரவர்த்திகளுக்குத் தபால்தான் அழகு.

உன் கடிதத்தில் ஒரு பெயர் இருந்தது. என் கண்ணாடி பழசு. அந்த இடம் மட்டும் தெரியவில்லை. என் வீட்டில், என் பந்தியில், இருபத்தெட்டுப் பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, "புத்தகத்தில வர்ற தனியாளுக்கெல்லாம் அழுவீங்க. இந்த வீட்டிலேயே தனியா இருந்தது அம்மாதான். அது ஒங்களுக்குத் தெரியவே இல்ல" என்று சொன்ன வாய்க்குச் சொந்தக்காரரின் பெயராக அது இருக்குமானால், வாசிக்கும் உத்தேசமும் எனக்கு இல்லை. இனி இந்தப் படி ஏறாதே என்று அன்றைக்கு நான் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். இமயமலை வேண்டுமானால் பதுளைக்கு மாற்றலாகிப் போகலாம், என் சொல் மாறாது.

ஆனால், உன் வீட்டு ஜன்னலோரம் பெயர் தெரியாத சக வாசகர் ஒருவர் படுத்திருப்பதாக அறிகிறேன். சக வாசகருக்கு உதவாதவன் அடுத்த பிறவியில் கரையானாகப் பிறந்து கணக்குப் புத்தகம் தின்பான். ஆகவே இந்தப் பார்சல்.

நாவலின் பெயர் "உப்புக்கு ஒரு சாட்சி". உப்பளத்துக் காவலாளி ஒருவன். பதினேழு வருடம் அவனோடு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பளத்தைக்கூட ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்கள். நூற்று நாற்பதாம் பக்கத்தில் அவன் தன் பெயரைத் தானே சத்தமாகக் கூப்பிட்டுப் பார்ப்பான். அந்த இடத்தில் நான் அழுத கண்ணீரில் நாவலப்பிட்டி பஸ் நிலையம் முழங்கால் அளவு மூழ்கியது. சந்தேகமிருந்தால் பழைய ஆட்களைக் கேட்டுப் பார்.

என் சட்டம் உனக்குத் தெரியும். சக வாசகருக்கும் தெரிந்திருக்கலாம். டிக்கட்டை முழுதாகக் கொடுத்து அனுப்புகிற வழக்கம் எனக்கு இல்லை. என் நாவல் ஒவ்வொன்றிலும் கடைசி அத்தியாயத்தை நூல் பிரித்து எடுத்து, அலுமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். வாசித்தவர் நேரில் வந்து, என் கதிரையில் உட்கார்ந்து, முடிவை வாய்விட்டு வாசித்து, பிளேன்டீ குடித்து, என்னோடு சண்டை பிடித்துவிட்டுத்தான் போகவேண்டும். திகன ஊரிலிருந்து மக்கீன் இப்படிப் பத்தொன்பது வருடம் பஸ் மாறி பஸ் மாறி வந்து வாசித்தான். கடைசி அத்தியாயங்கள் நாவலப்பிட்டியில் மட்டுமே கிடைக்கும். வேறெங்கும் கிளைகள் இல்லை.

இப்படிக்கு,
தவளையோடு குடியிருக்கும் மாமா


கட்டுகஸ்தோட்டை
2024 மே 24

அன்புள்ள மாமா,

புத்தகம் மூன்று நாளில் முடிந்துவிட்டது. முடிந்தது என்று சொல்லக்கூடாது, நின்றுவிட்டது.

உங்கள் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். கொடுக்கவேண்டாம் என்று நீங்கள் எழுதவில்லையே. தவளை வரும் இடத்தில் சிரித்தான். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. "சக வாசகர்னா எழுதியிருக்காரு?" என்று கேட்டு இன்னொரு தடவை வாசித்தான். கடிதம் இப்போது அவன் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

சக வாசகர் சொல்லச் சொன்னது: அந்தக் காவலாளியோடு யாரும் பேசவில்லை என்பது சரி, ஆனால் அவன் யாரோடாவது பேச முயற்சி செய்தானா என்று எழுத்தாளர் சொல்லவே இல்லை. உங்களைப் போன்ற வாசகர்களுக்கு அது உறைக்காதாம்.

நான் சொல்வது: அவனால் வர முடியாது. கையில் மெஷினுக்காக நரம்பை வெட்டி இணைத்திருக்கிறார்கள். பேராதனைக்குப் போவதற்குள்ளேயே வாந்தி எடுக்கிறான். நாவலப்பிட்டி பஸ்ஸில் அவனை எப்படி ஏற்றுவது? முடிவைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். ஐந்தாறு தாள்தானே.

யசோதினி


நாவலப்பிட்டி
2024 ஜூன் 3

மருமகளே, மகாராணியே, சட்டமறுப்பு இயக்கத்தின் தலைவியே,

ஐந்தாறு தாள்தானே என்று எழுதிய உன் பேனாவை நான் மன்னிக்கிறேன். எரிமலை ஐந்தாறு கல்தானே என்று சொல்வதுபோல இருக்கிறது.

சக வாசகரின் விமர்சனம் கிடைத்தது. அவருக்கு நாக்கு நீளம். கேள்விக்கான பதில் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது, கடைசி அத்தியாயம் என் அலுமாரியில் இருக்கிறது, அலுமாரிச் சாவி என் அரைஞாணில் இருக்கிறது. ஆகவே அவர்தான் வரவேண்டும்.

இத்துடன் மேலும் மூன்று நாவல்களைச் சிபாரிசு செய்து அனுப்புகிறேன். "எட்டாம் வாட்டின் ஜன்னல்": குணமாகிவிட்ட பிறகும் கூட்டிப்போக ஆள் வராததால் மனநல ஆஸ்பத்திரியிலேயே இருபத்திரண்டு வருடம் தங்கிவிட்ட ஒருத்தியின் கதை. "இரண்டு கப்பலுக்கும் பிந்தியவன்": இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே சிலோன்காரன் என்றும் திரும்பி வந்தால் இந்தியாக்காரன் என்றும் பெயர் வாங்கிய நம்முடைய தோட்டத்து ஆள் ஒருவரின் கதை. "மாடிப்படிக்குக் கீழே ஒருவர்": லொட்ஜ் ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில் முப்பது வருடம் வாடகைக்கு இருந்து, பெயர் தெரியாமலே போகிறவரின் கதை. மூன்றும் மூன்று இரத்தினங்கள். தொலைந்தால் நான் தீக்குளிப்பேன், அல்லது குறைந்தபட்சம் சளி பிடித்துக்கொள்வேன்.

மருந்துக் கடையில் ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்கள். சும்மா வாசித்துப் பார்த்தேன். சிறுநீரகக்காரருக்கு உப்பு ஆகாதாம், வாழைப்பழம் ஆகாதாம், இளநீர் ஆகவே ஆகாதாம். நீ பாட்டுக்குச் சக வாசகருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிடாதே.

இன்னொரு விஷயம். சட்ட ஆலோசனை செய்து பார்த்தேன். நான் சொன்னது படி ஏறாதே என்பது. என் வீட்டுக்குப் பதினொரு படி. படிக்குக் கீழே, ரோட்டு மட்டத்தில், நான் கதிரையை இறக்கிப் போட்டு, குடையும் பிடித்துக்கொண்டு நின்றால், ஒருவர் படியேறாமலே முடிவை வாசிக்கலாம். என் சொல்லும் நிற்கும், அவர் காலும் வலிக்காது. இதைவிட இறங்கிவந்த ராஜதந்திரம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

குடை தயார்.

மாமா


கட்டுகஸ்தோட்டை
2024 ஜூன் 30

மாமா,

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜீவனுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கக்கூடிய தண்ணீர் எவ்வளவு தெரியுமா? ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல். காலையில் நிரப்பித் தலைமாட்டில் வைக்கிறேன். இந்த வெயிலில் அவன் அதை ஒவ்வொரு மூடியாக ஊற்றிக் குடிக்கிறான். நாற்பத்து மூன்று கிலோ இருக்கிறான். டொக்டர், "வீட்டாக்கள் யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டபோது கணேஸும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீங்கள் குடை தயார் என்று எழுதுகிறீர்கள்.

மூன்று புத்தகத்தையும் வாசித்துவிட்டான். நாலு கதையும் அந்தரத்தில் நிற்கிறது. "முடிவு அனுப்பினா நான் வரமாட்டேன்னு நெனக்கிறாரு. அனுப்பாட்டியும் என்னால வர ஏலாதுன்னு அவருக்கு வெளங்கல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் சொன்னான். எழுதட்டுமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்து கடைசி அத்தியாயம் வாசிக்கும்போது, அத்தை பிளேன்டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார் அல்லவா? போகமாட்டாராம். குசினித் திரைக்குப் பின்னால் நின்று கேட்பாராம். அத்தைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும், ஒரு நாவல் வாசிக்க ஒரு வருடம் ஆகும். அதனால் அவருக்கு முடிவுகள் மட்டும்தான் தெரியும், மாமா. அந்த மனுஷர் ஏன் தனியாகப் போனார், அந்தப் பெண்ணை ஏன் ஊர் ஒதுக்கியது என்று ஒன்றும் தெரியாது. ஒரு தடவை உங்களிடம் கேட்டாராம். "வாசிச்சுப் பாரு, தெரியும்" என்றீர்களாம். பிறகு கேட்கவில்லை. அத்தையே ஒவ்வொரு முடிவுக்கும் ஓர் ஆரம்பத்தை உண்டாக்கிக்கொள்வார். சின்ன வயதில் ஜீவனுக்குச் சாதம் ஊட்டும்போது சொன்ன கதைகள் எல்லாம் அவைதானாம்.

கருமாதி அன்று அவன் சொல்ல வந்தது அதுதான். சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

யசோதினி


நாவலப்பிட்டி
2024 ஜூலை 14

யசோதினிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதக் கொப்பியை எடுப்பேன், அந்தத் திரை கண்ணில் படும். பச்சைப் பூப்போட்ட திரை. அதைத் துவைத்து மாட்டியவள் அவள். பின்னால் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது பெரிய நியாயம் இல்லை. முப்பத்து நாலு வருடம் ஒரே வீட்டில்.

போன் எடுக்காததற்கு மந்திரி, லொத்தர் என்று ஏதோ எழுதினேன். உண்மை வேறு. போனில் பேசினால் குரல் நடுங்குவது கேட்டுவிடும். எழுத்தில் கேட்காது.

நான் வருகிறேன். படி ஏறுவது இறங்குவது என்ற வழக்கைத் தள்ளுபடி செய்தாயிற்று. ஆனால் பிய்ந்த தாள்களை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பாணும் பழமும் கொண்டுபோகிறவனைப்போல வந்து நிற்க எனக்கு மனமில்லை. நான் பிரித்ததை நானே சேர்க்கவேண்டும். நாலு புத்தகத்தையும் திருப்பி அனுப்பு. ஊசி நூல் இருக்கிறது, கோதுமை மா இருக்கிறது. கடைசி அத்தியாயத்தைத் தைத்து, பசை போட்டு, நாலையும் முழுப் புத்தகமாகக் கொண்டுவந்து என் கையால் கொடுப்பேன். என் சரித்திரத்தில் முழுதாக வெளியே போகும் முதல் நாலு நாவல்கள். வேண்டுமானால் யாராவது யானை வைத்து ஊர்வலம் விடட்டும்.

சக வாசகரிடம் சொல். இல்லை. ஜீவனிடம் சொல்.

மாமா


கட்டுகஸ்தோட்டை
2024 ஜூலை 22

அன்புள்ள மாமா,

கணேஸ் கையில் நாலு புத்தகமும் கொடுத்தனுப்புகிறேன். கொடுக்கும்போது ஜீவன் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தான். அவன் பெயரை நீங்கள் எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். அப்புறம், "பசை காய்ச்சுறாருன்னா கோவம் போயிருச்சுன்னு அர்த்தம்" என்றான்.

வாசிக்க இப்போது ஒன்றும் இல்லாததால், என் மகளிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கேட்டு வாங்கிக்கொண்டான். என்னமோ எழுதுகிறான். காட்டமாட்டான்.

மாமா, தாளை மட்டும் கொண்டுவந்தாலும் போதும். ஊசி நூலை இங்கே வந்தும் எடுக்கலாம். சீக்கிரம் வாருங்கள்.

யசோ


நாவலப்பிட்டி
2024 ஆகஸ்ட் 4

யசோதினிக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும்,

நாவலப்பிட்டியில் பசை காயவைக்கும் கலையில் நான் கலாநிதிப் பட்டம் பெறப்போகிறேன். வருணபகவான் என் வீட்டுக் கூரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். "உப்புக்கு ஒரு சாட்சி" காய்ந்துவிட்டது. "எட்டாம் வாட்" முக்கால்வாசி. "கப்பல்" அம்மிக்கு அடியில் இருக்கிறது. "மாடிப்படி"யைத் தைத்து முடித்துப் பார்த்தால் அத்தியாயம் தலைகீழாக நிற்கிறது. கை அப்படி. பிரித்துத் திரும்பத் தைக்கிறேன்.

சிரிக்காதே. இரவல் போன நாவல்களிலேயே அழகான நாலு நாவல்கள் இவையாக இருக்கும். ஒரு நூல்கூட வெளியே தெரியாது.

பெரஹரா ஊர்வலமும் தொடங்கப்போகிறது. கண்டிக்குள் பஸ் நுழைவதற்குள் என் தாடி தரையைத் தொட்டுவிடும். பெரஹரா முடியட்டும். இருபத்திரண்டாம் திகதி வியாழக்கிழமை, முதல் பஸ். கதிரை ஒன்று ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டுவை. நான் வாசித்துக் காட்டுவேன், அவன் படுத்துக்கொண்டே கேட்கலாம். தினமும் பழகுகிறேன். காவலாளியின் குரலுக்குத் தொண்டையைக் கொஞ்சம் கரகரப்பாக்கவேண்டும். வாட்டுப் பெண்ணுக்கு மெல்லிய குரல். தவளை கைதட்டுகிறது.

மாமா


கண்டி ஆஸ்பத்திரி
2024 ஆகஸ்ட் 13, காலை ஆறு மணி

மாமா,

இந்தத் தாளைக் கொண்டுவருவது கணேஸ். போன் அடித்துப் பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஜீவனுக்கு மூச்சு விட முடியவில்லை, நெஞ்சில் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். இதை வாசித்த நிமிஷமே அவரோடு ஆட்டோவில் ஏறுங்கள். புத்தகம் வேண்டாம். நீங்கள் வாருங்கள்.

யசோ


நாவலப்பிட்டி
2024 செப்டெம்பர் 1

யசோதினிக்கு,

கருமாதி முடிந்து உன் வீட்டிலிருந்து வந்து நாலு நாளாகிறது. அங்கே வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. கணேஸும் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார். அவர் நல்ல மனிதர். ஆகவே நானே எழுதுகிறேன்.

அன்றைக்குக் கணேஸ் வந்து தாளைக் கொடுத்தபோது மணி எட்டே கால். வாசித்தேன். சட்டை போட்டேன். "மாடிப்படி"யைத் தொட்டுப் பார்த்தேன், முதுகு ஈரமாக இருந்தது. மூன்று கொண்டுபோய், ஒன்றை எப்படி விட்டுவிட்டுப் போவது? அயன் பெட்டியைச் சூடாக்கி, துணி போட்டு, முதுகில் தேய்த்தேன். ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் எழும்பியது. கணேஸ் வாசலில் மழையில் நின்றார். "மாமா, போவமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். இந்தா, இந்தா என்றேன். நாற்பது நிமிஷம்.

கம்பளையில் அவருக்குப் போன் வந்தது. ஆட்டோவை ஓரம் கட்டினார். இறங்கிப் போய் மழையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் பையைத் திறந்து பார்த்தேன். நாலும் காய்ந்திருந்தன.

நானூற்றுப் பன்னிரண்டு நாவல் வாசித்திருக்கிறேன். ஓர் ஆள் வாசலுக்கு வரத் தாமதித்தால் அந்தப் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், இவன் பிந்தப்போகிறான் என்று. கத்துவேன்கூட. போடா, போடா என்று.

என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது.

ராஜலிங்கம்


கட்டுகஸ்தோட்டை
2024 செப்டெம்பர் 10

மாமா,

திட்ட எனக்குத் தெம்பு இல்லை. குறை இல்லை என்றும் எழுதமாட்டேன். எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. புத்தகங்களை நான் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது. நீங்கள் கேட்டீர்கள், அவனும் கொடு என்றான், நானும் கொடுத்துவிட்டேன். மூன்று பேருக்கும் அது நல்லதாகப் பட்டது.

அந்த நாற்பது நிமிஷத்தைக் கணக்குப் பார்த்து உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் நேரத்துக்கு வந்திருந்தாலும் வாசலில்தான் நின்றிருப்பீர்கள். உள்ளே விடவில்லை. ஆனால் ஜூலை மாதம் முழுக்க அவன் இந்த ஜன்னலில் இருந்தான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

உள்ளே கொண்டுபோகும்போது கடைசியாக அவன் என்னிடம் கேட்டது, "நாவலப்பிட்டி பஸ் எத்தனை மணிக்கு?" என்று.

கட்டில் மெத்தையைத் தூக்கும்போது இந்தக் கொப்பி கிடைத்தது. நான் முதல் பக்கம் மட்டும் பார்த்தேன். மேலே "உப்புக்கு ஒரு சாட்சி, கடைசி அத்தியாயம்" என்று எழுதியிருக்கிறான். மீதியை வாசிக்கவில்லை. அது எனக்கு எழுதினது இல்லை.

யசோ


நாவலப்பிட்டி
2024 செப்டெம்பர் 27

யசோவுக்கு,

கொப்பி வந்து சேர்ந்தது. ஐந்து நாள் அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். பழக்கம். முடிவுகள் அங்கேதான் இருக்கவேண்டும் என்று கை தானாகப் போகிறது. ஆறாம் நாள் எடுத்தேன்.

உனக்குச் சொல்கிறேன், சக வாசகி என்ற முறையில்.

நாவலில் உள்ளபடி, உப்பளத்துக் காவலாளி ஒரு விடியலில் யாருக்கும் தெரியாமல் உப்பின் மேலேயே படுத்து இறந்துபோவான். அதற்காகத்தான் நான் அந்தப் புத்தகத்தைக் கொண்டாடினேன். ஜீவன் எழுதிய முடிவில், சம்பளத்தைக் கல்லுக்கு அடியில் வைக்கும் கிளார்க் ஒரு நாள் திரும்பிப் போகவில்லை. செருப்பைக் கழற்றி, சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பாத்திக்குள் இறங்குகிறார். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, "பெயர் என்ன?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கம்.

எட்டாம் வாட்டில், வேலையிலிருந்து ஓய்வு பெறும் ஆயா, தன் பிரியாவிடை மாலையோடு அந்தப் பெண்ணையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். கப்பல் கதையில், தலைமன்னார் இறங்குதுறையில் முத்திரை குத்தும் அதிகாரி மேசையைச் சுற்றி வெளியே வந்து அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுக்கிறார். பார், யசோ. மூன்றிலும் தனியாள் தானாக யாரையும் தேடிப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறான். உள்ளே இருக்கிற ஒருவர்தான் எழுந்து வெளியே வருகிறார். ஒரு பக்கத்தில்கூட யாரும் எதையும் தைத்துக்கொண்டிருக்கவில்லை.

உன் அத்தை ரத்தினம்மாவின் பிள்ளை சும்மா இருப்பானா? அவள் ஆரம்பங்களை உண்டாக்கினாள், இவன் முடிவுகளை. நடுவில் அலுமாரிச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் ஒருவன்.

இப்போது தினமும் நாலு மணிக்கு, வாய்விட்டு வாசிக்கிறேன். முதல் அத்தியாயத்திலிருந்து. திரையைப் பார்த்துத்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். பிளேன்டீயையும் நானே போட்டு, திரைக்கு அந்தப் பக்கம் ஒன்று வைக்கிறேன். தவளை ஒன்றும் சொல்வதில்லை. உண்மையில் தவளை இல்லை, யசோ. ஒரு நாளும் இருந்ததில்லை.

"மாடிப்படிக்குக் கீழே ஒருவர்" என்று நாலாவது தலைப்பும் போட்டிருக்கிறான். அதற்குக் கீழே கதை இல்லை. ஒரே ஒரு வரி:

"இதை அப்பா வந்து வாசிச்சுக் காட்டட்டும்."

நான் தைத்ததை எல்லாம் நேற்றுப் பிரித்துவிட்டேன். உப்பு, வாட், கப்பல் மூன்றிலும் அவனுடைய பென்சில் தாள்களைக் கடைசி அத்தியாயமாக வைத்துத் தைத்திருக்கிறேன். இனி யார் கேட்டாலும் முழுதாகக் கொடுப்பேன். மக்கீனுக்குக் கடிதம் போட்டாயிற்று.

"மாடிப்படி" மட்டும் அதன் சொந்த முடிவோடு இருக்கிறது. நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் உன் கைக்கு வரும், பரவாயில்லை. கதிரையை அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் போடச் சொல்லி நானே கேட்டுக்கொள்வேன். நீ விரும்பினால் உட்கார்ந்து கேள். வேண்டாம் என்றால் உன் வேலையைப் பார்.

இங்கே இன்னும் மழை. இன்று காலையில் பசை போட்டேன், முதுகு நனைந்துதான் கிடக்கிறது. ஈரத்தோடுதான் கொண்டுவருகிறேன்.

மாமா